அம்மா பார்த்த பாலு மகேந்திரா

பாலு மகேந்திராவைப் பற்றி ஆர் எழுதினாலும் ஊட்டி, பனி, இயற்கை வெளிச்சம் என்று மூன்று சொல்லோடு கதையை முடித்துவிடுகிறார்கள். 'வடிவாப் படம் பிடிக்கிற மனிசன்' என்பது புகழ்ச்சிதான். ஆனால் எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல் வரும். நல்லதொரு இயக்குநரைப் பிடித்துக் கலண்டர் அடிக்கிறவர் ஆக்கிவிட்டார்களே என்றிருக்கும். வடிவாகப் பிடிக்க அந்தக் காலத்திலும் ஆட்கள் இருந்தார்கள், இப்ப ட்ரோன் வைத்திருக்கிற கலியாணவீட்டுப் பெடியனும் பிடிக்கிறான். ஒரு வேலை நடந்து முடிய எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரமும் பக்கத்தில் நின்று பார்க்கிற பொறுமைதான் அவரிடம் நான் கண்ட தனித்தன்மை. அந்த வெளிச்சமும் அந்தப் பொறுமைக்குள்ளால் வந்ததுதான் என்பது என் எண்ணம்.

'வீடு' (1988) படத்தை எடுங்கள். சென்னையில் வாடகை வீட்டில் சுதா, தங்கச்சி, தாத்தா. வீட்டை விடச் சொல்லிவிட்டார்கள். வேறு வீடு தேடி அலைந்து, கடைசியில் சொந்தமாகவே ஒன்றைக் கட்டுவோம் என்று சுதா இறங்குகிறாள். கதை அவ்வளவுதான். பாட்டு இல்லை, சண்டை இல்லை. இளையராஜா 1986 இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்த துண்டுகள்தான் பின்னணி இசை, அதுவும் தேவைப்பட்ட இடத்தில் மட்டும். மிச்சமெல்லாம் காணி, கடன், அனுமதி, கல், மண், சீமெந்து, கூலி, மழை. இதை வைத்துக்கொண்டு ஒரு முழுப்படம் எடுக்கலாம் என்று நினைக்கவே ஒரு துணிவு வேண்டும்.

இந்தப் படத்தை நான் முதல் பார்த்தது தனியாக. பிடித்தது, ஆனால் 'கலைப்படம்' பார்க்கிற மரியாதையோடு பிடித்தது. அம்மாவோடு சேர்ந்து பார்த்த பிறகுதான் உண்மையில் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

எங்கட பக்கத்துச் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை, வெளியில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். 2009 இல் போர் முடிந்த பிறகு வட இலங்கையின் வன்னியில் மீளக்குடியேறின குடும்பம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் வீடு கட்டிக்கொண்டுதான் இருந்தது. முதல் தறப்பாள், பிறகு தகரக் கொட்டில், பிறகு வீட்டுத்திட்டம். 2012 இல் தொடங்கின இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா. காசு கட்டம் கட்டமாக வரும், ஒரு கட்டத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்தது. கட்டுகிறது நாங்கள்தான், மேசன் பிடிக்கிறதும் நாங்கள்தான். விசுவமடுவிலிருந்து மல்லாவி வரைக்கும் ஒரே நேரத்தில் வீடு எழும்பினால் மேசனுக்கு எங்கே போவது? எங்களுக்கு வந்த மேசன் அரைச் சுவரோடு வேறு வளவுக்குப் போய்விட்டார். மண் லோட்டின் விலை கிழமைக்குக் கிழமை ஏறினது. அம்மா கொப்பி ஒன்று வைத்து எழுதிக்கொண்டே இருந்தா.

அந்த அம்மாதான் 'வீடு' பார்த்தா. அழுவா என்று நினைத்தேன். மனிசி அழவேயில்லை, கணக்குப் பார்த்தா. "தம்பி, உந்தப் பிள்ளை பில் எல்லாம் வாங்கி வைக்குதோ?" ஒப்பந்தக்காரர் வந்து கதைக்கத் தொடங்கி ஒரு நிமிசம் ஆகவில்லை, "உவர் சரிவர மாட்டார்" என்று தீர்ப்பு. பிறகு அவருடைய திருகுதாளத்தைக் கூலிக்கு வேலைசெய்கிற மங்கம்மா போட்டு உடைத்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தா பாருங்கள், ஏதோ படத்தை இவதான் எடுத்த மாதிரி. (மங்கம்மாவாக வந்த பசி சத்யாவை அம்மாவுக்குச் சுதாவாக வந்த அர்ச்சனாவைவிடப் பிடித்துக்கொண்டது. தேசிய விருது அர்ச்சனாவுக்குக் கிடைத்தது என்று சொன்னேன். "ரெண்டு பேருக்கும் குடுத்திருக்கலாம்" என்றா.)

நல்ல படத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எந்த இடத்தில் கவலைப்பட வேண்டும் என்று பாலு மகேந்திரா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலையைக் காட்டினார், வீடு கட்டினவவுக்குக் கவலை தானாக வந்தது. சின்ன வயதில் தன் தாய் வீடு கட்டப் பட்ட பாட்டைப் பார்த்ததுதான் இந்தப் படத்துக்கு விதை என்று அவரே சொல்லியிருக்கிறார். மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939 இல் பிறந்தவர், சினிமாவுக்குப் போக முதல் கொழும்பில் படவரைஞராக வேலை பார்த்தவர். கோடு கீறின வீட்டுக்கும் கட்டின வீட்டுக்கும் இடையில் எவ்வளவு கிடக்கிறது என்று தெரிந்த கை அது.

தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் வருகிற இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருகிறார். ஒவ்வொரு அறையாக நடக்கிறார், சுவரைத் தொட்டுத் தடவுகிறார். கமரா அவரோடு போகிறது, அவருக்கு முன்னால் ஓடவில்லை. வேறு ஆராவது எடுத்திருந்தால் பழைய ஞாபகம் என்று ஒரு துண்டு வெட்டி ஒட்டி, வயலினை இழுத்து, கண்ணீரைக் கிட்டத்தில் காட்டியிருப்பார்கள். இங்கே ஒரு கிழவன் சுவர் பார்க்கிறார், அவ்வளவுதான். பார்த்து முடித்துத் திரும்புகிற வழியில் செத்துப்போகிறார். அந்தச் சாவைக்கூட இழுத்து வைத்திருக்கவில்லை. படத்தொகுப்பையும் பாலு மகேந்திராவே செய்ததால் எங்கே நிற்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்பதில் இன்னொருவரின் அவசரம் புகவில்லை.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். தொண்ணூறுகளில் வன்னியில் கறன்ற் இல்லாமல் வளர்ந்த ஆட்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகப் புரியும். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்குக்கு முன்னால் இருந்து படித்தவர்கள் நாங்கள். முகத்தின் ஒரு பக்கம்தான் தெரியும், மற்றப்பக்கம் இருட்டு. பகலில் யன்னலடியில் இருக்கிற ஆளுக்கு வெளிச்சம், அறை மூலையில் பாய் சுருட்டுகிற ஆள் வெறும் நிழல். அந்தக் காலத்துத் தமிழ்ப்படங்களில் விளக்கை நூர்த்தால் எங்கிருந்தோ நீல வெளிச்சம் வந்து ஆட்களின் முகத்தில் விழும், கதாநாயகி நித்திரையிலும் பளபளவென்று கிடப்பா. பாலு மகேந்திராவின் வீடுகளில் யன்னல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தால்தான் வெளிச்சம் வரும். முகம் இருட்டுக்குள் போனால் போகட்டும் என்று விடுவார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, ராமு காரியாட்டின் 'நெல்லு' (1974) மூலம் ஒளிப்பதிவாளராக வந்தவர், விளக்குப் போடத் தெரியாமலா விட்டார்? மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978) படத்துக்கு அவர் செய்த ஒளிப்பதிவைப் பாருங்கள், ரஜினி முதல்தரம் ஒரு சாதாரண மனிதனாகத் தெரிவதில் அந்த வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு என்பேன்.

'மூன்றாம் பிறை' (1982) முடிவும் அதே பொறுமையின் வேலைதான். மழைக்குள் தலையில் சட்டியை வைத்துக்கொண்டு கமல் குரங்கு வித்தை காட்டுகிறார், நினைவு திரும்பினதில் அவரை மறந்துபோன சிறீதேவி பிச்சைக்காரன் என்று நினைத்துச் சாப்பாட்டை எறிகிறார். ரயில் வெளிக்கிட்டுப் போகும்வரைக்கும் நாங்களும் அந்த மழைக்குள் நிற்கத்தான் வேண்டும். வசனம் சொல்லி எங்களைக் காப்பாற்ற ஆளில்லை.

குறை இல்லையா? இருக்கு. அதே 'மூன்றாம் பிறை'யில் சில்க் ஸ்மிதா வருகிற பகுதியை இண்டைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. வியாபாரத்துக்கு வைத்தது என்று அப்பட்டமாகத் தெரியும். ஒரு ஆண், இரண்டு பெண் என்ற வட்டத்துக்குள் 'இரட்டைவால் குருவி', 'மறுபடியும்', 'சதிலீலாவதி' என்று திரும்பத் திரும்பச் சுற்றினதும் எனக்கு அலுப்புத்தான். 'சதிலீலாவதி'யைச் சிரிப்புக்காக மன்னித்துவிடலாம்.

எங்கட ஆட்கள் வைக்கிற குறை வேறு. ஈழத்தில் பிறந்துவிட்டு எங்கட போரைப் பற்றி ஒரு படம் எடுக்கவில்லையே என்பது. அந்த ஆதங்கம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. இப்ப அவ்வளவாக இல்லை. ஈழத்தைப் பற்றி என்று சொல்லி வந்த சில படங்களைப் பார்த்துவிட்டு அம்மா, "உது ஆர்ரை சண்டை?" என்று கேட்டிருக்கிறா. 'வீடு' பார்த்தபோது அப்படி ஒரு கேள்வி வரவில்லை. கடைசியில் சுதாவின் காணியை அரச நிறுவனம் ஒன்று ஏற்கெனவே சுவீகரித்துவிட்டதாகத் தெரியவருகிறபோது, காணி உறுதியும் கையுமாகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கின ஒரு சனத்துக்கு அதில் எது புதிது? படையினர் பிடித்து வைத்திருந்த தங்கட காணியைக் கேட்டு முல்லைத்தீவு கேப்பாப்பிலவில் 2017 இல் ரோட்டோரத்தில் குந்தியிருந்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள்.

அவருடைய பட்டறையிலிருந்து பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி என்று ஒரு வரிசை வந்தது. அவர்களில் ஆர் அவரைப்போல் எடுக்கிறார் என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அவரவர் வேகம் அவரவருக்கு.

என் மனவருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்ப்படங்களைப் பாதுகாக்க ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று 2014 பெப்ரவரியில் சாகும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். தன் நல்ல படங்களின் நெகட்டிவே மிஞ்சவில்லை என்று மேடைகளில் சொல்லியிருக்கிறார். வெளிச்சத்தை நம்பிப் படமெடுத்த ஆளின் படங்களை நாங்கள் பார்ப்பது நிறம் செத்த பிரதிகளில். யன்னலடி வெளிச்சம் வெறும் வெள்ளைத் திட்டாகவும் மூலை நிழல் கறுப்புப் புள்ளிகளாகவும் தெரிகிற காட்சியைக் காட்டி 'அவருடைய ஒளி' என்று பெடியளுக்குச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

'சந்தியாராகம்' (1989) அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அதிலும் பாகவதர்தான். என்னிடம் இருக்கிற பிரதியில் முகமே விளங்கவில்லை. கொஞ்சம் தெளிவானது ஆரிட்டையாவது இருந்தால் உள்பெட்டிக்கு வாங்கோ.