பருவை மறைச்சது குத்தமா?

பருவை மேக்கப்பால மறைச்சுட்டு ரிசப்ஷன் மேடையில நின்ன ஒரு கல்யாணப் பொண்ணோட வீடியோவைப் பத்தி ரெண்டு நாளா எல்லாரும் எழுதியாச்சு. நான் எழுத வந்தது அதுக்குக் கீழ வந்த கமென்டுகளைப் பத்தி. ‘கழுவிட்டு வரச் சொல்லு பாப்போம்’னு எழுதினவங்களோட எனக்குப் பேச்சே இல்ல. ‘இப்படி அப்பினா பரு வராம என்ன பண்ணும், மேக்கப்பை விடும்மா’னு அக்கறையா எழுதியிருக்கீங்களே, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

பரு இருக்கிற முகத்துக்கு மேக்கப் போடலாம். தப்பு போடுறதுல இல்ல, அதை எடுக்காம படுக்கிறதுல இருக்கு.

ஒரு பரு கண்ணுக்குத் தெரியறதுக்குப் பல வாரம் முன்னாடியே தோல் துளைக்குள்ள அடைப்பு ஆரம்பிச்சிடும். எண்ணெய்ச் சுரப்பு, உதிராம ஒட்டிக்கிட்ட செத்த செல், அதுல பெருகுற பாக்டீரியா, அதுக்கப்புறம்தான் வீக்கம். இதையெல்லாம் பின்னாடியிருந்து தள்ளுறது ஹார்மோனும் பரம்பரையும். சனிக்கிழமை போட்ட ஃபவுண்டேஷன் ஞாயித்துக்கிழமை பருவைக் கொண்டுவராது.

‘அப்ப மேக்கப்பால பருவே வராதா?’ வரும். 1972-லேயே தோல் ஆராய்ச்சியாளர்கள் க்ளிக்மனும் மில்ஸும் அதுக்கு ‘ஆக்னி காஸ்மெட்டிகா’னு (மேக்கப்பால வர்ற பரு) பேர் வெச்சு எழுதியிருக்காங்க. கன்னத்துலயும் தாடையிலயும் பொடிப்பொடியா வரும். தோலுக்கு ஒத்துக்காத பசையான பொருளைத் தினமும் மாசக்கணக்கா போட்டா வர்ற விஷயம் அது, ஒரு முகூர்த்தத்துல வர்றதில்ல. டப்பாவுல ‘நான்-காமெடோஜெனிக்’னு, அதாவது துளையை அடைக்காதுன்னு, போட்டிருந்தா மட்டும் நம்பிடாதீங்க, அதை உறுதியா சோதிச்சுத்தான் போடணும்னு கட்டாயம் இல்ல. பின்னாடி திருப்பி, முதல் சில பேர்களுக்குள்ள ஐசோபுரோபைல் மிரிஸ்டேட், தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர் மாதிரி துளையை அடைக்கிறது இருக்கான்னு பாருங்க, இருந்தா வேண்டாம்.

போடுறது எப்படின்னா, மென்மையான ஃபேஸ்வாஷ், அப்புறம் ஜெல் மாய்ஸ்சரைசர். எண்ணெய் வழியுற முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதுக்குன்னு விட்டுடாதீங்க, காஞ்ச தோல் மேல ஃபவுண்டேஷன் திட்டுத்திட்டா நிக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ரெண்டு விரல் நீளம் சன்ஸ்க்ரீன், 10 நிமிஷம் விடுங்க. சிவந்த பருவுக்கு மட்டும்தான் பச்சை கரெக்டர் (நிறத்தை மட்டுப்படுத்துற க்ரீம்). நம்ம நிறத்துல பரு விட்டுப்போன கறுப்புத் தழும்புக்குப் பச்சை வெச்சா சாம்பல் பூத்துடும், அங்க ஆரஞ்சு வைக்கணும். கன்சீலரைப் பருவோட தலையில மட்டும் விரலால ஒத்துங்க, இழுக்காதீங்க. ஸ்பாஞ்சை ஒவ்வொரு தடவையும் கழுவி முழுசா காய வைங்க. ஒரே ஈர ஸ்பாஞ்ச் 4 பொண்ணுங்க முகத்துல போறதை எத்தனை மண்டபத்துல பாக்கிறோம்! அதை யாரும் கேக்கிறதில்ல, பொண்ணைத்தான் கேக்கிறோம்.

எடுக்கிறதுதான் முக்கியம். மேக்கப்பைக் கரைச்சு எடுக்கிற க்ளென்சிங் பாம் இல்லன்னா மைசெல்லார் வாட்டரால ஒரு நிமிஷம் மெதுவா தேய்ச்சு எடுத்துட்டு, அப்புறம் ஃபேஸ்வாஷ். மைசெல்லார் வாட்டரை அப்படியே விடக்கூடாது, கழுவணும். வெட் வைப்ஸால அரக்கித் துடைக்காதீங்க, வீங்கின பரு உடையும், தழும்பு நிக்கும். தேங்காய் எண்ணெய் மேக்கப்பை நல்லாவே எடுக்கும். ஆனா மிச்சம் துளையில தங்கிடும், பரு வர்ற முகத்துக்கு வேண்டாம்.

‘எலுமிச்சை தேய்ச்சா போதும், எங்க பாட்டி காலத்துல...’னு ஒருத்தர். பாட்டி மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா எலுமிச்சையோட பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 2 கிட்ட, தோலோடது 5 கிட்ட. தேய்ச்சுட்டு வெயில்ல போனா தோல் வெந்து கறுத்துப்போகலாம்.

இந்தக் கமென்டுங்க ஒரு பொண்ணை எங்க கொண்டுபோய் விடும்னு சொல்றேன். தெரிஞ்ச பொண்ணு, காலேஜ் ரெண்டாவது வருஷம். ‘மூஞ்சி என்னடி இப்படி’ன்னு கேட்டுக் கேட்டே அவளை மருந்துக் கடைக்குத் தள்ளினாங்க. சீட்டு இல்லாம ஒரு களிம்பு குடுத்தாங்க. ரெண்டு வாரத்துல முகம் பளபளன்னு ஆச்சு, கேட்ட அதே வாயெல்லாம் பாராட்டுச்சு. உள்ள இருந்தது ஸ்டீராய்டு. சில மாசத்துல தோல் மெலிஞ்சு, சிவந்து, கன்னத்துல பூனைமுடி வளர்ந்து, நிறுத்தினா பருவெல்லாம் கொத்தா வெடிக்குது. 2018-ல மத்திய அரசு இப்படி 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு அட்டவணை எச்-ல சேர்த்துச்சு. இன்னிக்கும் கேட்டா எடுத்துக் குடுக்கிற கடை இருக்கு. அந்தப் பொண்ணு பரு இருந்தப்ப மேல ஒரு கன்சீலர் வெச்சுட்டுக் காலேஜ் போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. தைரியமா போயிருப்பா.

‘நீங்க என்ன டாக்டரா?’ இல்ல. அதனாலதான் தோல் டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்றேன். பருவுக்கான அடாபலீன் 0.1 சதவீத ஜெல் எழுதிக் குடுத்தா, ராத்திரி, காஞ்ச முகத்துல, பட்டாணி அளவு, பரு மேல மட்டும் இல்லாம முகம் முழுக்க. முதல் சில வாரம் உரியும், பரு கூடுன மாதிரிகூடத் தெரியும். 12 வாரம் பொறுக்கணும். குழந்தைக்குத் திட்டமிடுறவங்க டாக்டர்கிட்ட அதை முதல்லயே சொல்லிடுங்க. அடாபலீன் அவங்களுக்கு ஆகாது, பதிலா அசெலாயிக் ஆசிட் குடுப்பாங்க. பரு பாக்டீரியாவைக் கொல்ற பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே போதும், 10 சதவீதம் வாங்கி எரிச்சல் படாதீங்க. தலையணை உறை வெளுத்துப்போகும், வெள்ளை உறை போட்டுக்கோங்க. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ப்ளீச்சும் ஃபேஷியலும் வேண்டவே வேண்டாம். கடைசி நேரத்துல பெருசா ஒரு கட்டி வந்தா கிள்ளாதீங்க, தோல் டாக்டர் அதுக்குள்ள ஒரு சின்ன ஊசி போட்டா ஓரிரு நாள்ல அமுங்கும்.

இவ்வளவும் தெரிஞ்சு, முறையா செஞ்சு, மருந்தும் போட்டுக்கிட்டு ஒரு பொண்ணு அன்னிக்கு மேடையில நின்னிருக்கலாம். அவ எத்தனை மாசம் சிகிச்சையில இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? மாப்பிள்ளை கன்னத்துலயும் பரு இருந்துச்சு. அவரைக் கழுவிட்டு வரச் சொல்லி ஒருத்தர்கூட எழுதல.

அவ கல்யாணம் முடிஞ்சு இன்னும் ஒரு வாரம் ஆகல. மறுவீட்டு விருந்துல உக்காந்து போனைத் திறந்தா இதையெல்லாம் படிப்பா. எழுதினவங்க போய் அழிச்சிடுங்க.