"இங்க ஒன்னுமே இல்ல" என்று சொன்ன தம்பிக்கு

அந்த வீடியோவை நேற்று இரவிலிருந்து பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். பார்த்தாயிற்று. போதும்.

டொரன்டோவிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர் வண்டி ஓட்டி, கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் நான் குடியிருக்கும் டிம்மின்ஸ் என்ற சுரங்க ஊருக்கு வந்து, ஒரு காபிக்கடை வாசலில் நின்று, "மக்களே, டிம்மின்ஸ்ல ஒன்னுமே இல்ல, பனியும் மரமும்தான்" என்று முடித்துவிட்டார் தம்பி. பன்னிரண்டு நிமிட வீடியோவில் நாலு நிமிடம் அவருடைய காலணியைப் பற்றி.

ஒன்றுமே இல்லாத இந்த ஊரில்தான் 1909-இல் பென்னி ஹோலிங்கர் என்ற முடிதிருத்தும் இளைஞர் தங்கம் கண்டார். இரண்டே வருடத்தில், 1911 ஜூலையில், காட்டுத்தீ வந்து பக்கத்துக் குடியிருப்புகளைத் தின்றது. அரசுக் கணக்கில் 73 பேர் செத்தார்கள். போர்க்குபைன் ஏரிக்குள் இறங்கித் தப்பிக்கப் பார்த்தவர்களில் சிலர் மூழ்கியே போனார்கள். அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில்தான் டிம்மின்ஸ் எழுந்தது. "மரம்தான்" என்கிறாரே, சுரங்கம் இடியாமல் முட்டுக்கொடுத்தது அந்த மரம். மட்டகாமி ஆற்றில் தடிகளை மிதக்கவிட்டு ஆலைக்குக் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்று, ஊடகம் நடத்துகிற தம்பிக்காகவே. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இன்று யார் கையில் இருக்கிறதோ, அந்த தாம்ஸன் குடும்பத்தின் பத்திரிகைத் தொழில் 1934-இல் இந்த ஊரில் வாங்கிய ஒரு சின்னப் பத்திரிகையில்தான் ஆரம்பித்தது. ஒன்னுமே இல்ல, சரி.

"நீ அங்கே வீடு வாங்கிவிட்டாய், அதனால் முட்டுக்கொடுக்கிறாய்" என்று ஒருவர் கண்டிப்பாக எழுதுவார். ஆமாம், வாங்கினேன். என் காசு. "வேலை கிடைக்காமல் திண்டாடும் நம் மாணவர்கள்?" நியாயமான கேள்வி. மைனஸ் 40 குளிரில் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். அதை வீடியோ எடுத்திருந்தால் முதல் ஆளாக நானே பகிர்ந்திருப்பேன். "அது பூர்வகுடிகளின் நிலமாயிற்றே?" 1905-06-இல் பூர்வகுடிகளோடு அரசு நிலத்துக்காகப் போட்ட ஒன்பதாம் உடன்படிக்கை, 1909-இல் தங்கம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் தம்பி அதையும் கேட்கவில்லையே!

என் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. குரோவேஷியாவிலிருந்து வந்த குடும்பம். நான் வந்த முதல் குளிர்காலத்தில், கேட்காமலேயே என் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டு நின்றார். கை நடுங்கும், தள்ளுவாரி நழுவும், மறுபடி எடுப்பார். அப்புறம்தான் சொன்னார். அவர் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில், ஷிஃப்டுக்கு முன்னால் உடைமாற்றும் அறையின் கதவைச் சாத்தி, அலுமினியப் பொடியைப் புகையாக விடுவார்களாம். பாறையிலிருந்து கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலைத் தின்னாமல் இருக்க இது மருந்து, ஆழமாக மூச்சு இழு என்பார்களாம். இந்த ஊர் மெக்கின்டயர் சுரங்கத்தில் கண்டுபிடித்த பொடி. 1943-இலிருந்து 1979 வரை விட்டிருக்கிறார்கள். அதனால் பார்க்கின்சன் என்கிற நடுக்க நோய் வந்தால் அது தொழில்நோய்தான் என்று ஒன்டாரியோ அரசு பட்டியலில் சேர்த்தது 2022-இல்.

1928-இல் ஹோலிங்கர் சுரங்கத்துக்குள் தீப்பிடித்து 39 பேர் செத்தபோது, மீட்புக்குழு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து ரயிலேறி வர வேண்டியிருந்தது. ஒன்டாரியோவில் சுரங்க மீட்பு நிலையங்கள் வந்ததே அதற்குப் பிறகுதான். இத்தனைக்கும் பெயர் "ஒன்னுமே இல்ல".

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் மனைவியும் கேட்டாள். என் அம்மாவின் அப்பா கோலார் தங்கவயலில் இறங்கி வேலை பார்த்தவர். வட ஆற்காட்டிலிருந்து மூட்டை கட்டிப் போன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். இருமி இருமித்தான் போனார். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு நான் கல்லூரியில் சேர்ந்தபோது "எந்த ஊர்" என்று கேட்ட ஒருவன், "அங்க என்னடா இருக்கு, சயனைடு கழிவு மேடுதானே" என்று சிரித்தான். நானும் கூடவே சிரித்தேன். அதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தம்பியின் வீடியோவில் ஒன்பதாவது நிமிடம், பின்னால் சிவப்புக் குல்லாய் போட்ட ஒரு கிழவர் பனியைத் தள்ளிக்கொண்டிருப்பார். கேமரா ஒரு நொடிகூட அவர் பக்கம் நிற்கவில்லை. அது எங்கள் தெரு.