சாய்ச்சு விட்டா வேகம் வந்துடுமா?

போன வாரம் ஒரு கடை போர்டு வேலை. 'ஸ்டீல்ஸ்' என்று முடியும் பெயர். டிசைனை அனுப்பியதும் கடைக்காரர் போனில், "தம்பி, நல்லாத்தான் இருக்கு. எழுத்தை இன்னும் கொஞ்சம் தடியாக்கி சாய்ச்சு விடுங்க, ஒரு வேகம் தெரியணும்" என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. லாரி முகப்பிலும் கட்சிச் சுவரிலும் தடித்துச் சாய்ந்த எழுத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். தப்பெல்லாம் நாம் அதைச் செய்யும் விதத்தில். போல்டுக்கு ஒரு சொடுக்கு, இட்டாலிக்குக்கு ஒரு சொடுக்கு, வேலை முடிந்தது.

அந்த ஃபான்ட்டில் போல்டும் இட்டாலிக்கும் தனியாக இல்லையென்றால் கம்ப்யூட்டர் செய்வது இவ்வளவுதான்: எழுத்தின் ஓரத்தை ஊதிப் பெருக்கி, தலையைப் பிடித்து வலப்பக்கம் தள்ளும். நிற்கும் கோடு மெலியும், படுத்த கோடு அப்படியே கிடக்கும். சுழியின் கதை இன்னும் மோசம். மேல் வலமும் கீழ் இடமும் வீங்கும், எதிர்ப்பக்கம் இரண்டும் ஒடுங்கும். 'ண', 'ஞ', 'ஐ' எல்லாம் சுழியை நம்பிப் பிழைக்கிற எழுத்துகள். தடிமனில் ஏற்கெனவே மூச்சு முட்டிக் கிடப்பவற்றைக் கழுத்தைப் பிடித்தும் தள்ளினால் என்ன ஆகும்? புள்ளியோ முட்டையாகி, தன் எழுத்தின் நடுவிலிருந்து நழுவிப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கும். 'ஸ்டீல்ஸ்'-இல் மூன்று புள்ளி!

ஆங்கிலத்தில் இட்டாலிக் என்பது சாய்த்த எழுத்தே இல்லை, வேறொரு கையெழுத்து. 1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் அச்சிட்ட, ரோமக் கவிஞர் வெர்ஜிலின் நூலுக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ அச்செழுத்து வெட்டியது, சேர்த்தெழுதும் கையெழுத்தின் சாயலில்தான். தடித்த எழுத்துக்கும் அதே நியாயம். சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர் 1922-இல் 'கூப்பர் பிளாக்' கொண்டுவந்தார் (ஈஸிஜெட் விமானத்தில் கொழுகொழுவென்று இருக்குமே, அது). பிறகு அதற்கு இட்டாலிக் வேண்டும் என்றானபோது நிமிர்ந்ததைச் சாய்த்துக் கொடுத்துவிடவில்லை, தனியாக வரைந்தார்.

நம்மிடம் 'பாலு தம்பி' மாதிரி அருமையான கொழுத்த ஃபான்ட் உண்டு, இட்டாலிக் இல்லை. 'கேட்டமரான்' மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை ஒன்பது தடிமனில் கிடைக்கிறது, அதிலும் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, தமிழ் அச்சில் அப்படியொரு மரபு வேர் விடவில்லை. ஆனால் சுவரில் இருந்தது. பெயின்டர் அண்ணன்கள் சாய்வாக நூல் அடித்துக்கொண்டு, பட்டை பிரஷ்ஷில் சுழியைக் கொஞ்சம் திறந்துவிட்டு, புள்ளியை வைரக்கல் மாதிரி வைத்து, கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் பெயருக்கே அடிக்கோடாக்கிவிடுவார்கள். என்னைக் கேட்டால் தமிழின் உண்மையான போல்ட் இட்டாலிக் அதுதான். யாராவது ஒரு ஃபான்ட்காரர் அந்தச் சுவர்களைப் படமெடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஃபிளெக்ஸ் வந்த பிறகு மிச்சமிருக்கும் சுவர்களே கொஞ்சம்தான்.

கடைசியில் எல்லா எழுத்தையும் கையால் வரைந்தேன். சாய்வு எட்டு டிகிரிதான், அதற்கு மேல் போனால் 'டீ' மல்லாந்துவிடுகிறது. புள்ளிகளை ஒரு நூல் இடப்பக்கம் இழுத்து வைத்தேன். ஒரு ராத்திரி முழுக்கப் போயிற்று.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "இதைத்தானே தம்பி அன்னைக்கே கேட்டேன், ஒரு பட்டன்தானே?" என்றார்.