கண்ணாடிதான் போனது, கண் அப்படியே இருக்கிறது

குடும்பக் குழுவில் அத்தை நேற்றுப் போட்ட குரல்பதிவு விவகாரம் உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் மறுபடி போட்டுக் காட்டப் போவதில்லை. 4 நிமிடம் 12 விநாடி. மூன்று தடவை கேட்டுவிட்டேன். என் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. "சில பேர்" மட்டும் ஒன்பது தடவை வருகிறார்கள். "சில பேர் தான் மட்டும் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளை செய்யப்போனால் இல்லாததும் பொல்லாததும் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்." குடும்பக் குழுவில் கண்ணாடி போக லேசர் ஆபரேஷன் செய்துகொண்டவள் நான் ஒருத்திதான். அந்தச் சில பேர் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய பார்வைத்திறன் ஒன்றும் தேவையில்லை.

முதலில் ஒன்று. லேசர் செய்துகொண்டதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் கிடையாது. லேசர் செய்துகொள்ளலாமா என்று கேட்கத் தங்கச்சி போன் செய்தபோது இதைத்தான் முதல் வார்த்தையாகச் சொன்னேன், கடைசி வார்த்தையாகவும் சொன்னேன். நடுவில் ஒரு மணி நேரம் பேசியதுதான் குற்றமாகிவிட்டது.

எனக்கு வலது கண் மைனஸ் 6.5, இடது மைனஸ் 6. அந்தப் பவரில் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரிவது சுமார் 15 சென்டிமீட்டர் வரைதான். உள்ளங்கையை மூக்குக்கு நேரே பிடித்தால் ரேகை தெரியும். கையை நீட்டினால் விரல்களின் ஓரம் கரைந்துவிடும். கண்ணாடியைத் தேட ஒரு கண்ணாடி வேண்டும் என்பது மற்றவர்களுக்கு ஜோக், எனக்கு 23 வருட வாழ்க்கை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, கண்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூடியின் ஓட்டைகள் வழியாக நான் முதன்முதலில் தெளிவாகப் பார்த்தது, மின்விசிறி இறக்கையில் படிந்திருந்த தூசியை. அவ்வளவு அழகான தூசியை அதற்கு முன் பார்த்ததே இல்லை. படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் துடைக்க ஒரு வாரம் மனம் வரவில்லை. (சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொன்னார்கள். அதிலும் உண்மை இருக்கலாம்.)

இந்தத் தூசிக் கதையையும் தங்கச்சியிடம் சொன்னேன். சிரித்தாள். குரல்பதிவில் தூசி வரவில்லை.

அவள் கேட்டது ஒரே கேள்வி. "அக்கா, அப்புறம் எப்படி இருக்கும்?" நான் பதில் சொன்னது அந்த அப்புறத்துக்குத்தான். ஆபரேஷனைப் பற்றி டாக்டர் சொல்லிவிடுவார். கண்ணாடியைத் தூக்கி எறிவதைப் பற்றி விளம்பரம் சொல்லிவிடும். அப்புறத்தைப் பற்றி யார் சொல்வது?

என் கைப்பையில் எப்போதும் நாலைந்து சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள் கிடக்கும். பிரிசர்வேட்டிவ் இல்லாத கண்ணீர்ச் சொட்டு. கழுத்தைத் திருகினால் டக்கென்று உடையும். முதல் சொட்டைக் கீழே விட்டுவிட்டு இரண்டாவதைத்தான் கண்ணில் விடுவேன், உடைந்த முனையின் துணுக்கு ஏதாவது இருந்தால் போய்விடட்டும் என்று. ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தடவை. மூன்று வருடம் கழித்து இப்போது நாளுக்கு இரண்டு, ஏசி அறையில் நாள் முழுக்கக் கணினி என்றால் நாலு. ஏன் என்றும் சொன்னேன். லாசிக்கில், அதாவது நான் செய்துகொண்ட லேசர் முறையில், கருவிழியின் (கார்னியா) மேல் ஒரு மெல்லிய மூடி மாதிரி வெட்டித் திறக்கிறார்கள். கருவிழியே நடுவில் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதில் மூடியின் தடிமன் சுமார் 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அப்படி வெட்டும்போது அங்கே ஓடும் நரம்புகளும் வெட்டுப்படும். "கண் காய்கிறது, கண்ணீர் அனுப்பு" என்று தகவல் சொல்லும் நரம்புகள் அவைதான். அவை திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல். பெரும்பாலானவர்களுக்கு அதற்குள் சரியாகிவிடும். சிலருக்கு என்னைப்போல மிச்சம் இருக்கும்.

இது பயமுறுத்துவதா? சரி, அப்படியானால் மருந்துச் சீட்டும் பயமுறுத்தல்தான்.

அப்புறம் இரவு. எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி எனக்கு ஒரு வளையம் தெரியும், அதிலிருந்து முள் முள்ளாகக் கதிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் மூன்று மாதம் ரொம்ப, இப்போது கொஞ்சம். இருட்டில் கண்ணின் பாவை விரியும்போது லேசர் செதுக்கிய இடத்தின் ஓரம் வழியாகவும் வெளிச்சம் நுழைவது ஒரு காரணம். மழை பெய்யும் இரவில் நான் வண்டி ஓட்டுவதில்லை. இதை வாயால் சொன்னால் புரியவில்லை என்றாள். நேரில் வந்தபோது ஒரு தாளில் பென்சிலால் வரைந்து காட்டினேன், இரண்டு விளக்கு, சுற்றிலும் முள். அந்தத் தாளை அவள் மடித்து எடுத்துப்போனாள்.

அவள் பரிசோதனைக்குப் போனாள். நான் போகாதே என்று சொல்லவில்லை. "போ, ஆனால் கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்கச் சொல்லு" என்றேன். தினமும் பன்னிரண்டு மணி நேரம் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவள் அவள். கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பரவாயில்லை என்பார்கள். அவளுக்கு 4. டாக்டர் என்ன சொன்னார்? முதலில் லென்ஸை நிறுத்து, உலர்வுக்கு மருந்து போடு, மூன்று மாதம் கழித்து வா, பார்க்கலாம் என்றார். டாக்டர் சொன்னார். கவனியுங்கள், டாக்டர். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்றார்.

அதற்கு அத்தையின் விளக்கம் குரல்பதிவின் மூன்றாவது நிமிடத்தில் வருகிறது. "சொல்லிச் சொல்லியே அவள் கண்ணை வறள வைத்துவிட்டார்கள். நல்ல காரியத்தில் கண் பட்டுவிட்டது."

என் கண் பட்டதாம். அந்தக் காகிதப் பட்டையைக் கண்டுபிடித்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. கண் பட்டால் எத்தனை மில்லிமீட்டர் குறையும் என்று இதுவரை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.

"டாக்டரைவிட உனக்கு அதிகம் தெரியுமா" என்று ஒருவர் தனியே எழுதிக் கேட்டிருக்கிறார். தெரியாது. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

"ஆயிரக்கணக்கானவர்கள் செய்துகொண்டு ஜம்மென்று இருக்கிறார்கள், உனக்கு மட்டும் என்ன" என்கிறார் இன்னொருவர். இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது நியாயமான கேள்வி மாதிரித் தெரிகிறது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முன்னின்று நடத்திய ப்ரவுல் ஆய்வு என்று ஒன்று உண்டு. லாசிக் செய்துகொண்டவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் தங்கள் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில், முன்பு உலர்கண் தொந்தரவே இல்லாதவர்களில் 28 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்து உலர்வு இருக்கிறது என்றார்கள். முன்பு வளையம், கூச்சம், இரட்டைத் தோற்றம் எதுவும் இல்லாதவர்களில் 40 சதவீதத்துக்கு மேல், புதிதாக ஏதோ ஒன்று தெரிகிறது என்றார்கள். அதனால் அன்றாட வேலையே ரொம்பச் சிரமமாகிவிட்டது என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, திருப்தி என்று சொன்னவர்களிலேயே ஏகப்பட்ட பேருக்குக் கண் காய்கிறது, விளக்கில் முள் தெரிகிறது. அவர்களில் ஒருத்திதான் நான். ஜம்மென்றும் இருக்கிறேன், சொட்டும் விடுகிறேன். இரண்டும் ஒரே ஆளுக்கு நடக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அப்புறம் எதிர்முகாம். நேற்றிலிருந்து என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டு வாழ்த்துகிற இயற்கைக் கூட்டம். கேரட் சாறு, கண் பயிற்சி, தேன் சொட்டு. ஐயா, தூரத்துப் பார்வை மங்குவது பெரும்பாலும் விழி நீளமாக வளர்ந்துவிடுவதால். கேரட் குடித்தால் விழி சுருங்காது. தேனைத் தயவுசெய்து கண்ணில் விடாதீர்கள். உங்களோடு எனக்குச் சண்டைபோடக்கூடத் தெம்பில்லை.

"விஞ்ஞானத்தை நம்பாதவள்" என்றும் ஒரு பட்டம். ஆபரேஷனுக்கு முன் ஆறு மாதம் படித்தவள் நான். 1981-இல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் ரங்கசாமி சீனிவாசன் என்ற இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி, விருந்தில் மிஞ்சிய வான்கோழியை எடுத்துவந்து லாசிக்கில் இப்போது பயன்படும் எக்ஸைமர் லேசரில் காட்டியதும், சுற்றுப்புறம் கருகாமல் சுத்தமாகச் செதுக்க முடிகிறது என்று அவரும் கூட இருந்த இருவரும் கண்டதும்வரை படித்தேன். அந்த வான்கோழி மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. நம்பியதால்தான் கண்ணையே கொடுத்தேன். நம்புகிறவள் கேள்வி கேட்கக்கூடாதா?

தங்கச்சியிடம் சொன்னதில் முக்கியமானது ஒன்று, குரல்பதிவில் சுத்தமாகக் காணாமல் போனது. லேசர் செதுக்குவது முன்னால் இருக்கும் கருவிழியை மட்டும். நீளமாக வளர்ந்த விழி அப்படியேதான் இருக்கிறது. பின்னால் இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியேதான். பவர் பூஜ்யமாகிவிட்டது என்று விழித்திரைக்கு யாரும் கடிதம் போடவில்லை. அதனால் வருடா வருடம் சொட்டு விட்டு, பாவையை விரித்துப் பார்க்கச் சொல்லி நான் போகிறேன். திடீரென்று மின்னல் மாதிரி வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ அன்றே ஓட வேண்டும். பழைய பவர் சீட்டு, கருவிழி அளவுகள் எல்லாம் ஒரு மஞ்சள் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. வயதான காலத்தில் கண்புரை வந்தால் உள்ளே வைக்கும் லென்ஸைக் கணக்கிட அவை உதவும். கருவிழி மெலிந்துவிட்டதால் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், எந்த டாக்டரிடம் போனாலும் லேசர் செய்தேன் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். நாற்பதைத் தாண்டினால் படிக்க ஒரு கண்ணாடி வரும், லேசர் அதைத் தடுக்காது. எனக்கு 36. வரட்டும்.

கண்ணாடிதான் போனது, கண் அப்படியே இருக்கிறது. இதைத்தான் விதவிதமாக ஒரு மணி நேரம் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

"ஒரு குரல்பதிவுக்கு இவ்வளவு நீளமான பதிவா?" ஆமாம்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதில் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த முதல் நாள் "சோடாபுட்டி" என்று கூப்பிட்டது பள்ளிப் பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கு அது மறுநாள்தான் போனது. போட்டோ எடுக்கும்போதெல்லாம் "அதைக் கழற்றிவிட்டு நில்லும்மா, லட்சணமாக இருப்பாய்" என்று கேட்ட குரலும் அதே குரல்தான். பத்து வயதிலிருந்து இருபத்தைந்து வரை குடும்பப் படங்கள் எல்லாவற்றிலும் நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கேமரா எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் சிரித்தவள் அப்படித்தான் நிற்பாள். லேசருக்குப் போனபோது ஒரு காரணம் அந்தப் படங்கள். பெரிய காரணம் இல்லை, ஆனால் ஒரு காரணம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது முகநூலில் சொல்கிறேன், என் புத்தியைப் பாருங்கள்.

இருக்கிறவரை கண்ணாடி அசிங்கம். கழற்றிய பிறகு, கழற்றியவள் பொறாமைக்காரி. நடுவில் நான் எந்தக் கிழமை சரியாக இருந்தேன் என்று யாராவது சொன்னால் காலண்டரில் குறித்துக்கொள்வேன்.

கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும், பதற்றம் வந்தால் விரல் தானாக மூக்குக்குப் போய் ஃபிரேமை மேலே தள்ளும். மூன்று வருடத்தில் எனக்கு அந்தப் பழக்கம் முக்கால்வாசி போய்விட்டது. நேற்று அந்த 4 நிமிடம் 12 விநாடியில் எத்தனை தடவை இல்லாத கண்ணாடியைத் தள்ளினேன் என்று கணக்கில்லை.

அத்தை, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். லைக் போடமாட்டீர்கள், அதுவும் தெரியும். மூன்று மாதம் கழித்து அவள் கண் நனைந்து, டாக்டர் சரி என்று சொன்னால், கூடப்போக ஆள் வேண்டும். செய்துகொண்ட அன்று தானாக வண்டி ஓட்டி வரமுடியாது, ராத்திரி கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மணி பார்த்துச் சொட்டு விட வேண்டும். நான் வருகிறேன். பகலில் என்றால் வண்டியும் நானே ஓட்டுகிறேன்.

அந்தப் பென்சில் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டீர்களாம், அவள் சொன்னாள். பரவாயில்லை. இன்னொன்று வரைந்து வைத்திருக்கிறேன், இந்தத் தடவை கலர் பென்சிலில்.