ஐந்து நிமிடம் பேசினால் என்ன, டாக்டர்?

நீலகிரி மலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஒரு புகார் அடிக்கடி காதில் விழும்: "இந்த ஜனங்க மாத்திரையை ஒழுங்கா போடறதில்லை, பாதியிலேயே விட்டுடறாங்க." எனக்கு இதில் உடன்பாடே இல்லை. விட்டதற்கு ஒரு காரணம் இருக்கும். அதை யாரும் விசாரிப்பதில்லை.

என் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். சர்க்கரைக்கான மாத்திரையை விடியற்காலையில் கட்டன்சாயாவோடு போட்டுவிட்டு மலையேறுவார். சோறு பத்து மணிக்கு மேல்தான். நடுவில் வெறும் வயிற்றில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, சரிவில் நிற்கும்போது கை நடுங்கும், கண் இருட்டும். விழுந்துவிடுவோமோ என்று பயந்து பல நாள் மாத்திரையைத் தொடவே இல்லை. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. பார்த்த டாக்டர் தலை நிமிராமலேயே, "இனிப்பு சாப்பிடறீங்களா?" என்று அதட்டி மாத்திரையின் அளவைக் கூட்டினார். அம்மா வாயே திறக்கவில்லை. அந்த அளவை அவர் அப்படியே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

அப்புறம் வேறொரு ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா, "காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செய்வீங்க, சொல்லுங்கம்மா" என்றார். எல்லாம் வெளியே வந்தது. மாத்திரையை மாற்றினார், நேரத்தை மாற்றினார். "இப்ப நான் சொன்னதை நீங்க ஒருதரம் சொல்லுங்க" என்றார். அம்மா ஓரிடத்தில் தடுமாற, பொறுமையாகத் திருத்தினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்று அம்மாவுக்கு அவர் சொல்வதுதான் வேதவாக்கு.

ஓ.பி. வரிசை வாசல் வரை நிற்கிறது, உண்மைதான். ஆனால் கூட்டம் மட்டும் காரணமில்லை. நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று அமெரிக்காவில் 1984-ல் வெளியான ஓர் ஆய்வே சொன்னது.

எங்கள் மலையில் இது உயிர் விஷயம். இங்குள்ள பழங்குடிகளிடம் சிக்கிள் செல் என்ற, கடும் வலி தரும் பரம்பரை ரத்த நோய் இருப்பது 1952-லேயே தெரிந்துவிட்டது. வலி இல்லாத நாளிலும் ஹைட்ராக்சியூரியா போட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், குளிரில் நனையக் கூடாது. அந்த மருந்தின் பலன் தெரியவே மாதங்கள் ஆகும். நம்பிக்கை இல்லாதவர் எப்படித் தொடர்வார்? 1990-ல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, ஆதிவாசிப் பெண்களையே நர்ஸாகப் பயிற்றுவித்தது. வார்டில் தன் மொழியில் பேச ஓர் ஆள் இருந்தால், பயந்து வந்தவரும் வாய் திறப்பார்.

எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் நோயாளியிடம் பேசும் முறையும் இருக்கிறது. ஊட்டி மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அந்தப் பாடத்துக்காகக் கூடலூர் வார்டுகளில் சில நாள் உட்காரட்டும். இன்னொன்று. "கீழே கோயம்புத்தூர் கொண்டு போங்க" என்று சீட்டு எழுதும்போது, எதற்காக, அங்கே என்ன செய்வார்கள், எத்தனை நாள் ஆகலாம் என்பதை ஆம்புலன்ஸ் கிளம்பும் முன் வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். இரவில் மலை இறங்கும் குடும்பத்துக்கு அவ்வளவாவது தெரிய வேண்டும்.