கண்ணை மூடிக்கொண்டு லான் போடுகிறவர்களுக்கு

விரியும் வாயு செய்யும் வேலையைக் கணக்கிட நீட் மாணவர்களுக்குக் குறுக்குவழி சொன்ன அந்த ரீலைப் பற்றி நேற்றே எழுதியிருப்பேன். கோபத்தில் எழுதினால் தப்பாகப் போகும் என்று படுத்துவிட்டேன். காலையிலும் கோபம் அப்படியே இருக்கிறது.

"வாயு விரியுதா? கண்ணை மூடிக்கிட்டு என்ஆர்டி லான் வி2 பை வி1 போடுங்க." அதாவது வேலை = nRT ln(V2/V1): n மோல் எண்ணிக்கை, R வாயு மாறிலி, T வெப்பநிலை, V1, V2 தொடக்க, இறுதிக் கன அளவுகள், லான் (ln) என்பது இயல் மடக்கை. சரி, கொஞ்சம் கண்ணைத் திறப்போம். 1 மோல் நல்லியல்பு வாயு. தொடக்கத்திலும் முடிவிலும் 300 கெல்வின். கன அளவு இரண்டு மடங்காகிறது. வெப்பநிலை மாறாமல் வெளி அழுத்தத்தை இம்மி இம்மியாகக் குறைத்தால் வாயு செய்யும் வேலை சுமார் 1,729 ஜூல். ஒரேயடியாகக் கடைசி அழுத்தத்துக்கு இறக்கினால் 1,247. வெற்றிடத்துக்குள் திறந்துவிட்டால் பூஜ்யம். லான் முதல் கணக்குக்கு மட்டும்தான் ஐயா!

எதை எதிர்த்துத் தள்ளுகிறது என்று கேட்காமல் வேலையைக் கணக்கிட முடியாது. இதைத்தான் கமென்ட்டில் எழுதினேன், 'தம்பி' போட்டு, மரியாதையாக. "நீட்டுக்கு இது போதும் அங்கிள்" என்று பதில் வந்தது. அப்புறம் பார்த்தால் என் கமென்ட்டையே காணோம்.

பிளஸ் ஒன்னில் வெற்றிடக் கேள்விக்கு நான் பூஜ்யம் என்று எழுதினேன். விடையும் பூஜ்யம், மதிப்பெண்ணும் பூஜ்யம். 'கணக்கே போடலையே' என்றார் ஆசிரியர். அழுதுகொண்டு நின்றவனிடம் இன்னொரு ஆசிரியர்தான் ஜூல் 1845இல் செய்த சோதனையைச் சொன்னார். தண்ணீருக்குள் இரண்டு செப்புக் கலன்கள். ஒன்றில் 22 வளிமண்டல அழுத்தத்தில் காற்று, மற்றது காலி. குழாயைத் திறந்தார், தெர்மாமீட்டர் அசையவில்லை. காற்று வேலை செய்திருந்தால் தண்ணீர் குளிர்ந்திருக்கும்; எதிர்த்துத் தள்ள எதுவும் இல்லை, அதனால் வேலையும் இல்லை. அன்றைக்குப் புரிந்தது இன்றுவரை மறக்கவில்லை.

'பரீட்சையில் நேரம் இல்லை' என்பீர்கள். வெளி அழுத்தம் என்ன என்று பார்க்க இரண்டு விநாடி ஆகுமா? 'எந்த எஞ்சினும் மீள் நிகழ்வு (இப்படி இம்மி இம்மியாக நடந்து, அப்படியே திருப்பக்கூடிய மாற்றம்) இல்லை, உங்கள் 1,729உம் ஏட்டுச்சுரைக்காய்தானே' என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான். நிஜ எஞ்சினுக்கும் வழி உண்டு: நீராவி எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796இல் நகரும் பலகையில் பென்சிலை ஓடவிட்டு, ஓடுகிற எஞ்சினில் கன அளவு மாற மாற அழுத்தம் மாறும் வளைவையே வரைய வைத்தார். அந்த வளைவு அடைக்கிற பரப்புதான் வேலை. அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

பொறாமை என்கிறார்கள். இருக்கட்டும். இருபது வருடமாக அந்த வளைவுக்குக் கீழே சாக்பீஸால் நிழலடித்துக் காட்டுகிறவனுக்கு இருக்காதா? ரீலுக்கு லைக் போட்டவர்களில் நான்கு பேர் என் பழைய மாணவர்கள். அதில் ஒருத்தன், போன வருடம் வெற்றிடக் கேள்விக்குச் சரியாகப் பூஜ்யம் எழுதியவன்.