ஆறு ஸ்டூல்

நேற்று நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தவர்களுக்கு மறுபடி கதை வேண்டாம்; பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. "இன்ஸ்பெக்‌ஷனுக்கு ரெடி" என்று ஜவுளிக்கடைகளில் ஊழியர் நிர்வாகம் பார்க்கும் எங்கள் எச்.ஆர். குழுவில் ஒருவர் போட்ட, கடை ஊழியர்கள் உட்காருவதற்கான ஆறு ஸ்டூல் போட்டோதான். இரண்டு ஸ்டூலுக்கு பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்கவில்லை. அவர் கடையில் வேலை பார்ப்பவர்கள் எண்பத்திச் சொச்சம் பேர்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "மீதிப் பேர் எங்க சார் உட்காருவாங்க?"

"மேடம் யூனியன்ல சேர்ந்துட்டாங்க" என்று பதில். அதற்கு வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும் என்பதற்காக. எல்லா ஊழியருக்கும். ஆறு பேருக்கு இல்லை, இன்ஸ்பெக்டருக்கும் இல்லை.

"லேபர் கோடு வந்தாச்சே, பழசெல்லாம் போச்சு" என்றார் இருபது வருஷ அனுபவஸ்தர் ஒருவர். ஐயா, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நாலு கோடும், அதாவது மத்திய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், விழுங்கியது 29 மத்தியச் சட்டங்களை. நம்முடையது 1947-ஆம் வருஷத்து மாநிலச் சட்டம். அந்தப் பட்டியலிலேயே கிடையாது. ஃபார்வர்டு செய்வதற்கு முன்னால் ஒருமுறை படித்திருக்கலாம். அதற்குத்தானே நமக்குச் சம்பளம்?

இன்னொருவர் கேட்டது, "ஃபைன் எவ்வளவு வரும்?" இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"கஸ்டமர் வரும்போது உட்கார்ந்திருந்தா மரியாதையா இருக்குமா?" என்பவர்களுக்கு: பட்டுப் பிரிவில் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதானே புடவை விரிக்கிறார்கள்? லட்ச ரூபாய் வியாபாரம் அங்கேதான் நடக்கிறது. முந்நூறு ரூபாய் சுடிதார் விற்கிற பெண் உட்கார்ந்தால் மட்டும் மரியாதை குறைந்துவிடுமாக்கும்.

நானும் அந்த சுடிதார் கவுன்டரில் நின்றவள்தான். பி.காம். முடித்த கையோடு ஒன்றரை வருஷம். கீழே ஊக்கு விழுந்துவிட்டது என்று குனிந்து, கவுன்டருக்குப் பின்னால் அரை நிமிஷம் குத்தவைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு எத்தனை ஊக்குதான் விழும்? சூப்பர்வைசருக்கும் தெரியும். பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று மத்தியானம் வரை தண்ணீர் குடிக்க மாட்டோம். ராத்திரி ஹாஸ்டலில் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டுதான் பேச்சு. கெண்டைக்காலில் பச்சையாக ஓடும் நரம்பு முடிச்சு இன்றைக்கும் இருக்கிறது. அந்தச் சிரிப்பு பொம்மை போட்டவர்களில் இரண்டு பேருக்கு இதெல்லாம் தெரியும். நானே சொல்லியிருக்கிறேன்.

கேரளாவில் 2018-இல் இந்த உட்காரும் உரிமை சும்மா வரவில்லை. கோழிக்கோட்டில் கடைகளில் நின்ற பெண்களே 'பெண்கூட்டு' என்று சேர்ந்து, வருஷக்கணக்காகப் போராடி வாங்கியது. நமக்கு அது ஒரு செக்லிஸ்ட் வரி, ஒரு டிக்.

"உங்க கடையில எல்லாம் ஒழுங்கா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். தளத்துக்குத் தளம் சண்டை போட்டு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். போன வாரம் மூன்றாவது மாடிக்குப் போனால், ஸ்டூல் மேலெல்லாம் அட்டைப்பெட்டி. "உட்காரலாமேம்மா" என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற ஃப்ளோர் மேனேஜரைப் பார்த்தாள். "பரவால்லக்கா, பழகிடுச்சு."

குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். அட்மின், தயவுசெய்து மறுபடி சேர்க்க வேண்டாம்.